கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு ஜூலையிலேயே சீசன் தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையோரம் உள்ள சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஆடும் ஒரு கல்லூரி அணி, பல்கலைக்கழகப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறினால் "திறமை போதவில்லை" என்று பேசி முடித்துவிடுகிறோம். அதே பிள்ளைகள்தான் அணிக்கு ஏழு பேர் ஆடும் இரவு செவன்ஸ் ஆட்டங்களில் கூட்டத்தை எழுந்து நிற்க வைக்கிறார்கள். திறமை இருக்கிறது. அணியை யாரும் அணியாகத் தயார் செய்வதில்லை. போட்டித் தேதி வந்த பிறகு பத்து நாள் மாலையில் பந்தைத் தட்டிவிட்டுப் பேருந்து ஏறினால் வேறென்ன நடக்கும்?

செவன்ஸ் சீசன் நவம்பரில் தொடங்கி மே வரை ஓடுகிறது. கல்லூரிப் போட்டிகளும் பல்கலைக்கழக அணித் தேர்வும் ஏறக்குறைய அதே மாதங்களில் வருகின்றன. செவன்ஸில் மைதானம் சிறியது, ஆட்டம் ஒரு மணி நேரம். வெடித்து ஓடி, உடனே நின்று, திரும்ப ஓடும் ஆட்டம் அது. பதினொரு பேர் ஆடும் லெவன்ஸில் 90 நிமிடம். நடுக்களத்தில் ஆடுபவர் சுமார் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும். செவன்ஸ் மட்டும் ஆடிய கால்கள் எழுபதாவது நிமிடம் தாண்டியதும் கனத்துவிடும். அதற்குப் பிறகு விழும் கோல்களைக் கோலியின் (கோல்கீப்பரின்) தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

பேக் வரிசையில், அதாவது கோலுக்கு முன் நிற்கும் தற்காப்பு வரிசையில், இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பல செவன்ஸ் மைதானங்களில் ஆஃப்சைடு (பந்து தட்டப்படும் நேரத்தில் எதிரணி ஃபார்வர்டு தற்காப்பு வரிசையைத் தாண்டி நிற்கக் கூடாது என்ற விதி) பார்ப்பதில்லை. அதனால் டிஃபெண்டர் ஆளைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகப் பழகிவிடுகிறார். லெவன்ஸில் நான்கு பேரும் ஒரே கோட்டில் ஏற வேண்டும். ஒருவர் இரண்டு அடி பின்தங்கினாலும் எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடு இல்லாமல் தனியாக ஓடிவிடுவார். கோலியும் கோல் கோட்டிலேயே நின்று பழகியவர். பேக் வரிசை மேலே ஏறும்போது அவரும் பெனால்டி பாக்ஸின் விளிம்பு வரை வந்து, பின்னால் விழும் பந்தை எடுக்க வேண்டும். இந்த ஐந்து பேரை மட்டும் தனியாக நிறுத்தி, வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிடம் நகர்த்திப் பழக்கினாலே பாதிக் கோல் குறையும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஜூலையில் வகுப்பு தொடங்கியதும் அணியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். பந்து தொடுவதற்கு முன் மூச்சு வேண்டும். நான்கு நிமிடம், பேச முடியாத அளவு வேகமாக ஓடட்டும். மூன்று நிமிடம் மெதுவோட்டம். இப்படி நான்கு முறை, வாரம் இரண்டு நாள், எட்டு வாரம். மைதானத்தைச் சுற்றி ஒரே சீராக அரை மணி நேரம் ஓடவிடுவதைவிட இது பலன் தரும். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் காயம் தவிர்க்க ஃபிஃபா வகுத்த 11+ வார்ம்-அப் செய்யுங்கள்: 8 நிமிட ஓட்டம், 10 நிமிடம் வலுவும் சமநிலையும், 2 நிமிட வேக ஓட்டம். செலவு ஒன்றுமில்லை. அதில் உள்ள தொடைப் பயிற்சியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள்: ஒருவர் முட்டிபோட்டு நிற்க, இன்னொருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்வது. முதல் வாரம் மூன்று முதல் ஐந்து தடவை போதும். எடுத்த எடுப்பில் பதினைந்து செய்ய வைத்தால், நான்கு நாள் நடக்கவே முடியாமல் பிள்ளைகள் அதை வெறுத்துவிடுவார்கள். பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டு வெளியேறும் ஆட்டக்காரர்களைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கம் கரிசல் மண். மழையில் பூட்ஸில் அப்பிக்கொள்ளும், வெயிலில் வெடிக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் கணுக்கால் போயிற்று. மண் லேசாக ஈரமாக இருக்கும்போதே வெடிப்புகளில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பி உருளை ஓட்ட வேண்டும். காய்ந்த பிறகு ஓட்டினால் மேல்மண் தூளாவதுதான் மிச்சம். இறுகிய தரைக்கு நீளமான ஆணி வைத்த பூட்ஸ் ஆகாது. பாதம் தரையில் பூட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்ப, முழங்கால் ஜவ்வு கிழிகிறது. குட்டை ஆணிகள் நிறைய உள்ளதே நல்லது. டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து வீசும்போது தூக்கி அடிக்கும் கோல் கிக் திரும்பி வரும். காற்றுக்கு எதிரான பாதியில் பந்தைத் தரையோடு ஆடப் பழக்குங்கள்.

தண்ணீருக்கு ஒரு கணக்கு உண்டு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் அல்ல. ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அரை லிட்டரில் கரைத்தால் உப்பு கூடிவிடும். முந்தின இரவு பரோட்டா வேண்டாம். ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லியோ எண்ணெய் குறைந்த சோறோ போதும்.

செவன்ஸுக்குப் போகாதே என்று தடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஓர் இரவு ஆட்டத்தின் பணத்தில் கட்டணம் கட்டும் மாணவர்கள் உண்டு. ஆனால் கல்லூரிப் போட்டி முடியும் வரை வாரத்துக்கு ஒரு செவன்ஸ், கல்லூரி ஆட்டத்துக்கு முந்தின 72 மணி நேரத்தில் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அதற்கு ஈடாகப் பயணச் செலவையும் பயிற்சி நாள் உணவையும் கல்லூரிகள் ஏற்க வேண்டும். முட்டையும் பழமும்கூடத் தராமல் தியாகத்தை மட்டும் கேட்பது சரியில்லை.

எல்லைப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தொல்லை ஆவணம். பொள்ளாச்சிப் பக்கம் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கேரளக் கல்லூரியில் சேர்ந்தவருக்குச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும்; ஆதாரில் அப்பா பெயர் விரிந்திருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று போட்டி நாளன்று எதிரணி ஆட்சேபித்தால், நல்ல ஆட்டக்காரர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். கோழிக்கோடு பல்கலைக்கழகம், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியக் கால்பந்தின் ஆஷுதோஷ் முகர்ஜி கோப்பையைப் பலமுறை வென்றது. அந்த அணிக்குத் தேர்வாகும் வாய்ப்பு ஓர் எழுத்தால் போகக் கூடாது. சேர்க்கையின்போதே உடற்கல்வி ஆசிரியர்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை அருகருகே வைத்துப் பார்த்து, வேறுபாடு இருந்தால் ஆகஸ்ட் முடிவதற்குள் திருத்த விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எல்லைப் பகுதிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.