வாளியோடு முடிந்துவிட்டதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2017 ஜனவரி 28-இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளிய படங்களைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய், கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. இரண்டு முறையும் இழப்பீட்டுப் பேச்சு வந்தது, சரி. சேற்றில் இறங்கிய எண்ணெய் பத்து வருடம் கழித்து இறாலையும் நண்டையும் என்ன செய்யும் என்று பார்க்கப் பணம் ஒதுக்க வேண்டாமா?

அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற எண்ணெய்க் கப்பல் தரைதட்டிக் கடலில் எண்ணெய் கொட்டியது 1989-இல். அங்கே ஹெர்ரிங் மீன்வளம் சரிந்ததோ 1993-இல். காரணம் எண்ணெயா, நோயா என்று இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடவாவது அவர்கள் கையில் பல வருடக் கணக்கு இருக்கிறது! மெக்சிகோ வளைகுடாவில் 2010 எண்ணெய்க் கிணற்று விபத்துக்குப் பிறகு பிபி எண்ணெய் நிறுவனம் 10 ஆண்டு ஆய்வுக்கு 50 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. எந்த ஆய்வுக்குப் பணம் என்பதை முடிவு செய்தது நிறுவனம் அல்ல, தனி அறிவியலாளர் குழு. இதுதான் முக்கியம்.

இங்கும் மாசுபடுத்தியவர் கட்டும் தொகையில் ஒரு பங்கை அப்படி ஒரு குழுவிடம் கொடுக்கலாம். முகத்துவாரத்தில் வலை போடும் மீனவர்களையும் அதில் உட்கார வையுங்கள். எந்த மாதம் எது வலையில் விழவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவொற்றியூர்