வேலூர்ல சின்ன தொழில்காரங்க ஒண்ணா உக்காந்து வேலை பாக்க ஒரு ஹால் வேணும் – கலெக்டர் அவர்களுக்கு எங்க கோரிக்கை மனு

அனுப்புநர்:
வேலூர் தோட்டப்பாளையத்துல கிரியேட்டிவ் ஏஜென்சி நடத்துற நாங்க நாலு பேரும், ஞாயித்துக்கிழமைல எங்க ரூம்ல கூடுற வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு பக்கத்து சின்ன தொழில்காரங்களும்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: காலியா இருக்கற அரசு கட்டடம் ஒண்ணுல சின்ன தொழில்காரங்களுக்கும் ஸ்டார்ட்அப் பசங்களுக்கும் பொதுவா வேலை செய்ய ஒரு ஹால் ஒதுக்கித் தரச் சொல்லி கேக்கறது சம்பந்தமா.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆபீஸ் பாஷைல மனு எழுத எங்களுக்கு வரல, நாங்க பேசற மாதிரியே எழுதியிருக்கோம், தப்பா எடுத்துக்காதீங்க. திங்கக்கிழமை குறைதீர்வு நாள்ல நேர்ல வந்தும் கொடுக்கறோம், ஆனா அங்க வரிசைல நமக்குப் பின்னாடி பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் வயசானவங்க நிக்கும்போது நாம பத்து நிமிஷம் பேசறது நியாயம் இல்லன்னு தோணுது, அதனால தான் எல்லாத்தையும் எழுத்துலயே சொல்லிடறோம்.

நாங்க பண்றது லோகோ, பாக்கெட் டிசைன், கடை போர்டு, சின்ன சின்ன வீடியோ. ஜெராக்ஸ் கடை மாடில ஒரு ரூம், நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அவ்வளவு தான். மசாலா பொடி அரைக்கற அண்ணன் ஒருத்தர் லேபிள் போட வந்தாரு, லேபிள் முடிஞ்சதும் "இந்த பேரை வேற யாராவது எடுத்துட்டா இன்னா பண்றது"ன்னு கேட்டாரு, நாங்களும் விசாரிச்சு சொன்னோம், அடுத்த வாரம் அவரு இன்னும் ரெண்டு பேரை கூட்டிக்கினு வந்துட்டாரு. அப்படி ஆரம்பிச்சது தான் எங்க ஞாயித்துக்கிழமை கூட்டம். இப்ப ஒவ்வொரு வாரமும் இருவது இருவத்தஞ்சு பேர் வர்றாங்க, எங்க கிட்ட இருக்கற சேர் ஒம்போது, மீதி பேர் படிக்கட்டுல உக்காந்து லேப்டாப்பை மடில வச்சுக்கினு வேலை பாக்கறாங்க.

வர்றவங்க யாரும் பெரிய பணக்கார வீட்டுப் பசங்க இல்ல. குடியாத்தத்துலேர்ந்து ஒரு தங்கச்சி வருது, அப்பாவுக்கு கைத்தறி லுங்கி நெசவு, இது அந்த லுங்கி கட்டத்தையே வச்சு பையும் நோட்டு அட்டையும் பண்ணி ஆன்லைன்ல விக்குது. பேரணாம்பட்டு தம்பி ஒருத்தன், சொந்தக்காரங்க எல்லாம் தோல் தொழில்ல இருக்காங்க, வெட்டினது போக மிஞ்சற தோல் துண்டை வாங்கி பர்ஸ், சாவிக்கொத்து தைக்கறவங்களையும் வாங்கறவங்களையும் சேத்து வைக்கற ஆப் ஒண்ணு எழுதிக்கினு இருக்கான். கரிகிரி மண்பாண்டம் செய்யற குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் வர்றாரு, அந்த பளபளப்பு பூச்சு போட்ட ஜாடி கூரியர்ல போனா வழில உடையுதுன்னு அதுக்கு அட்டைப்பெட்டி எப்படி வடிவமைக்கறதுன்னு மூணு மாசமா எங்க கூட மல்லுக்கட்டறாரு, இப்ப அஞ்சு அனுப்பினா அஞ்சும் முழுசா போய்ச் சேருது.

ஒரு விஷயத்தை கொஞ்சம் விவரமா சொல்றோம், ஏன்னா இதுல தான் நாங்க கேக்கற ஹால் எதுக்குன்னு புரியும். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது, நம்ம மாவட்டமே சந்தோஷப்பட்டுச்சு. ஆனா குறியீடு கிடைச்சதும் எல்லா விவசாயியும் அதை அப்படியே பாக்கெட் மேல போட்டுக்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயனாளியா தனியா பதிவு பண்ணணும், அது நெறைய பேருக்கு தெரியல. அணைக்கட்டு பக்கத்து விவசாயி ஒருத்தர் எங்க கிட்ட ஸ்டிக்கர் அடிக்க வந்தப்ப தான் நாங்களே அதை படிச்சு தெரிஞ்சுக்கினோம். அப்புறம் இன்னொரு சிக்கல், அந்த காய்க்கு காம்புலயும் தொப்பிலயும் முள்ளு, மெல்லிசு கவர்ல போட்டா தூக்கும்போதே குத்தி கிழிச்சுடுது, காய் ஒண்ணை ஒண்ணு குத்தி மறுநாளைக்கே அந்த எடம் கறுத்துப் போவுது. பிளாஸ்டிக்கை விட்டுட்டு அட்டைல காத்து போற ஓட்டை வச்சு, நடுவுல தடுப்பு வச்சு ஒரு பெட்டி பண்ணோம். மொத பெட்டி அடி கழண்டுச்சு, ரெண்டாவதுல ஓட்டை பெருசாகி முள்ளு வெளிய வந்துச்சு, மூணாவது சரியா வந்தது. அந்த மூணாவது பெட்டியை மடிக்கற விதத்தை யோசிச்சு கொடுத்தது நாங்க இல்ல, கரிகிரி ஜாடிக்காரரு, பக்கத்து சேர்ல உக்காந்து பாத்துக்கினு இருந்தவரு. ஒரே ரூம்ல உக்காந்ததால தான் அது நடந்துச்சு, அவங்கவங்க வீட்ல தனித்தனியா இருந்தா அந்த விவசாயியும் இவரும் சந்திச்சே இருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு சிஎம்சி பக்கத்துல நடந்தது. 1900ல ஒரே ஒரு பெட்டோட ஐடா ஸ்கடர் அம்மா ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிக்கு இன்னிக்கு மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குன்னு எங்கெங்கேர்ந்தோ ஜனங்க வர்றாங்கன்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்ல, காந்தி ரோட்லயும் பாபுராவ் தெருவுலயும் போர்டே பெங்காலில தான் இருக்கு. எங்க கூட்டத்து தம்பி ஒருத்தன் ஒரு நாள் டீ குடிக்கப் போனவன், ஃபைலை நெஞ்சோட அணைச்சுக்கினு ஒரு பெரியவர் ரோட்டுல நின்னு அழுதுக்கினு இருந்ததை பாத்திருக்கான், லாட்ஜ் பேர் மறந்துபோச்சு, சம்சாரம் ரூம்ல தனியா படுத்திருக்காங்க, யார் கிட்ட எந்த பாஷைல கேக்கறதுன்னு தெரியல. முக்கால் மணி நேரம் சுத்தி கண்டுபிடிச்சு விட்டுட்டு வந்தான். அந்த வாரமே ஒரு பக்கத்துல மேப் வரைஞ்சோம், பெங்காலி, இந்தி, தமிழ் மூணுலயும் எழுதி, மருந்துக்கடை, ஏடிஎம், காட்பாடி ஸ்டேஷன் போற பஸ் நிக்கற இடம், பொது கழிப்பறை எல்லாம் குறிச்சு, லாட்ஜ் பேர் எழுதிக்க ஒரு காலி கட்டமும் வச்சு, டீக்கடைலயும் லாட்ஜ்லயும் இலவசமா கொடுத்தோம். பெங்காலி எழுத்தை சரிபாத்தது ஒரு நோயாளியோட மகன், அவரும் இப்ப ஊருக்குப் போற வரைக்கும் ஞாயித்துக்கிழமை எங்க கூட தான் உக்கார்றாரு. இந்த மேப்பை மாவட்ட நிர்வாகமே அச்சடிச்சு கொடுத்தா எங்க பேர் கூட போட வேணாம், ஃபைலை அப்படியே தந்துடறோம்.

இப்ப பிரச்சனைக்கு வர்றோம். எங்க ரூம் இருக்கற கட்டடத்தை வீட்டுக்காரர் இடிச்சு கட்டப் போறாரு, மூணு மாசத்துல காலி பண்ணணும். அவரு மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல, இவ்வளவு நாள் ஞாயித்துக்கிழமை கரண்ட் பில்லுக்கு கூட முகம் சுளிக்காதவரு. ஏஜென்சிக்கு ஒரு சின்ன ரூம் நாங்க எங்கியாவது பாத்துக்குவோம், ஆனா இருவத்தஞ்சு பேர் உக்கார்ற மாதிரி எடத்துக்கு இங்க கேக்கற வாடகையும் அட்வான்ஸும் எங்களால முடியாது. ஐடி கம்பெனிங்களுக்காக அரசு கட்டின மேல்மொணவூர் மினி டைடல் பார்க் நம்ம ஊருக்கு பெருமை தான், ஆனா மாசம் எட்டாயிரம் சம்பாதிக்கற லுங்கிப்பை தங்கச்சிக்கு வேண்டியது ஒரு டேபிள், ஒரு பிளக் பாயிண்ட், நல்ல நெட், பாதுகாப்பான பாத்ரூம்.

பாத்ரூம்னு தனியா எழுதறதுக்கு காரணம் இருக்கு. எங்க மாடில பாத்ரூம் இல்ல, கீழ ஜெராக்ஸ் கடைக்கு பின்னாடி ஒண்ணு, அதுக்கு தாப்பாள் சரியில்ல, அதனாலயே நாலு பொண்ணுங்க மதியத்தோட கெளம்பிடறாங்க. ஒரு தங்கச்சியோட அம்மா நேர்ல வந்து பாத்துட்டு "வேலை நல்ல வேலை தான், ஆனா எடம் இப்படி கீதே, எப்படி அனுப்பறது"ன்னு கேட்டாங்க, பதில் சொல்ல முடியல. அந்த தங்கச்சி இப்ப வர்றதில்ல. அதோட நம்ம ஊர் வெயில் உங்களுக்கே தெரியும், அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிக்கு மேல போகும்போது வீட்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழ உக்காந்து லேப்டாப் ஓட்ட முடியாது, மெஷினே சூடாகி ஆஃப் ஆயிடுது.

எடம் இல்லாதவங்க என்ன பண்றாங்கன்னா காட்பாடில ரயில் ஏறிடறாங்க. 1984ல ஒரு சின்ன இன்ஜினியரிங் காலேஜா ஆரம்பிச்ச விஐடி இன்னிக்கு இவ்வளவு பெருசா வளந்திருக்கு, தந்தை பெரியார் பாலிடெக்னிக், ஊரீசு, முத்துரங்கம் காலேஜ்னு வருசா வருசம் பசங்க படிச்சு வெளிய வர்றாங்க, வந்ததும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சு மெட்ராஸ், இல்லன்னா பெங்களூர். தெனம் போய்ட்டு வர்ற பசங்க காலைல அஞ்சு மணிக்கு வீட்டை விட்டு கெளம்பி ராத்திரி பத்து மணிக்கு தான் வர்றாங்க. எங்க கூட இருந்த வீடியோ எடிட்டர் தம்பி போன வருசம் பெங்களூர் போய்ட்டான், அவன் சம்பளத்துல பாதி வாடகைக்கே போவுதாம், "அண்ணே ஊர்லயே எடம் இருந்தா சொல்லுங்க, இதே வேலையை அங்கேர்ந்தே பாக்கறேன், கம்பெனில ஒத்துக்கினாங்க"ன்னு போன வாரம் கூட போன் பண்ணான்.

எங்க கோரிக்கை முக்கியமா ஒண்ணு தான். பழைய பஸ் ஸ்டாண்ட், காட்பாடி, சத்துவாச்சாரி, இந்த மூணுல எங்கியாவது பஸ் வசதியோட, காலியா கெடக்கற அரசு கட்டடத்துலயோ மாநகராட்சி கட்டடத்துலயோ நாப்பது பேர் உக்கார்ற ஹால் ஒண்ணு ஒதுக்கித் தாங்க. புதுசா கட்ட வேணாம். சுண்ணாம்பு அடிக்கறது, டேபிள், சுவத்துல படம் வரையறது எல்லாம் நாங்களே பண்ணிக்கறோம். கரண்ட், நெட்டுக்கு ஆளுக்கு மாசம் ஒரு சின்ன தொகை கட்டவும் எல்லாரும் தயார். ஆனா காலைல பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் மட்டும்னு வச்சா பிரயோஜனம் இல்ல, பாதி பேர் பகல்ல வேற வேலைக்கு போறவங்க, அதனால ராத்திரி ஒம்போது வரைக்கும், ஞாயித்துக்கிழமையும் தொறந்திருக்கணும். வாட்ச்மேன் ஒருத்தரும் பெண்களுக்கு தனி பாத்ரூமும் கட்டாயம் வேணும்.

இன்னொரு சின்ன வேண்டுகோள், ஆதார்ல வேலூர் மாவட்டம்னு இருந்தா தான் உள்ள விடுவோம்னு வைக்காதீங்க. 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் சேந்து ஒரே வட ஆற்காடு, 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு பிரிஞ்சாச்சு, நிர்வாகத்துக்கு அது நல்லது தான். ஆனா ஆம்பூர் ஷூ கம்பெனில டிசைன் போடற பையனுக்கும் ராணிப்பேட்டை பொண்ணுக்கும் இன்னிக்கும் பக்கத்து டவுன் வேலூர் தான், அவங்களும் எங்க ஆளுங்க தான்.

ஹால் கிடைச்சா அதோட கூடவே, மாசத்துல ஒரு நாள் மாவட்ட தொழில் மையத்துலேர்ந்தோ ஸ்டார்ட்அப்களுக்கு உதவற அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்லேர்ந்தோ ஒரு அதிகாரி அங்க வந்து உக்காந்தா பெரிய உபகாரம். சின்ன தொழில்னு அரசு கிட்ட பதியற உத்யம் பதிவு இலவசம், ஆதார், பான் நம்பர் வச்சு நாமளே போட்டுக்கலாம், அது தெரியாம எங்க கூட்டத்து அக்கா ஒருத்தங்க ஒரு புரோக்கர் கிட்ட 2,500 ரூபா கொடுத்துட்டு வந்தாங்க. அந்த சர்டிபிகேட் இருந்தா டிரேட்மார்க் விண்ணப்ப கட்டணம் 9,000க்கு பதிலா 4,500 தான், மசாலா அண்ணன் அப்படி தான் தன் பேரை பதிவு பண்ணாரு. ஸ்டார்ட்அப்க்கு ஆரம்ப நிதி தர்ற டான்சீட்ல 10 லட்சம் வரைக்கும் உதவி இருக்கு, புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கான நீட்ஸ் திட்டத்துல 25 சதவீதம் மானியம், 75 லட்சம் வரைக்கும் இருக்கு, அரசு இவ்வளவு கொடுக்குது, ஆனா விண்ணப்பத்துல எந்த கட்டத்துல என்ன எழுதறதுன்னு தெரியாம பசங்க பாதிலயே விட்டுடறாங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்க ஒருத்தர் இருந்தா போதும்.

பதிலுக்கு எங்களால ஆனது, அரசு ஸ்கூல்ல ஒம்போதாவது, பத்தாவது படிக்கற பிள்ளைங்களுக்கு சனிக்கிழமை காலைல டிசைன், வீடியோ எடிட்டிங், தமிழ் டைப்பிங் இலவசமா சொல்லித் தர்றோம். மகளிர் சுய உதவிக் குழு பொருளுக்கு மாசம் ரெண்டு லேபிள் காசு வாங்காம போட்டுத் தர்றோம். இது வாய் வார்த்தை இல்ல, யார் எந்த சனிக்கிழமை வருவாங்கன்னு பேரோட அட்டவணை போட்டு இணைச்சிருக்கோம்.

முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு மேல, எங்க மாடிக்கு ஒரு தடவை வந்து பாருங்க. அந்த நேரத்துல தான் நெறைய பேர் இருப்பாங்க. கட்டடத்தை காலி பண்ற தேதிக்கு முன்னாடி ஏதாவது ஒரு எடத்தை காட்டினீங்கன்னா அடுத்த வாரக் கூட்டத்தை ஒரு வாரம் கூட விடாம அங்கியே நடத்திடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஏஜென்சிக்காரங்க நாலு பேர் மற்றும் ஞாயித்துக்கிழமை கூட்டத்தினர்
தோட்டப்பாளையம், வேலூர்

இணைப்பு: எல்லாருடைய கையெழுத்து, சனிக்கிழமை வகுப்பு அட்டவணை, மூணு பாஷை மேப் ஒரு பிரதி, முள்ளு கத்திரிக்காய் பெட்டி ஒண்ணு (மடிச்சு வச்சிருக்கோம், பிரிச்சா நிக்கும்).