வட்டம் சுற்ற எதற்குக் காசு?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலி என்று சொல்லிப் பார்க்கலாம்தான், ஆனால் எழுதுவது கையால் ஆயிற்றே. சோம்பல், வேறொன்றுமில்லை.

எண்டூரன்ஸ் என்கிற நெடுந்தூரக் குதிரைப் போட்டியில் உன் குதிரை லைலா, இரண்டாவது வெட் கேட்டில் (நடுவழியில் கால்நடை டாக்டர் சோதிக்கிற இடம்) நொண்டி என்று வெளியேறியதைப் படித்ததும் எனக்கே வயிறு எரிந்தது. 55 கிலோமீட்டர் ஓடி, நெஞ்சுத் துடிப்பும் நிமிடத்துக்கு 64க்குக் கீழே சீக்கிரமே இறங்கி, கடைசியில் டாக்டர் முன்னால் நாற்பது மீட்டர் டிராட் (ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் ஜோடியாகப் பதிகிற ஓட்டம்) ஓட்டிக் காட்டும்போது தலையை ஆட்டிவிட்டது என்றால் யாருக்குத்தான் ஆறும்? நீ லாடம் அடித்தவர் மேல் பழியைப் போட்டிருக்கிறாய். அவரை விட்டுவிடு. அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாய்: சேணத்தை இறக்கியபோது அடித்துணி இடப்பக்கம் நனைந்திருந்தது, வலப்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் காய்ந்து கிடந்தது என்று. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. வேர்த்து ஊற்றுகிற முதுகில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், ஒன்று அங்கே சேணம் படவேயில்லை, இல்லாவிட்டால் அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறது.

நீ அனுப்பிய வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதே, உன் பையன் வலது அங்கவடியில், அதாவது கால் வைக்கிற வளையத்தில், சாய்ந்துதான் ஓட்டுகிறான். டிராட்டில் எழுந்து உட்காரும்போதும் ஒரே ஜோடிக் கால்தான். வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் தரையில் பதிகிறபோதே ஒவ்வொரு தடவையும் உட்காருகிறான், மாற்றுவதே இல்லை. ஒரு தப்படி இரண்டரை மீட்டர் என்று வை. 55 கிலோமீட்டருக்கு 22,000 தடவை. அத்தனை தடவையும் அவன் எடை அந்த ஜோடியின் மேல். நொண்டியதும் வலது முன்னங்கால்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "கோச் டிரெஸ்ஸாஜ் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறார், மைதானத்தில் வட்டம் சுற்ற எதற்குக் காசு?" என்று கேட்டிருக்கிறாய். சவாரி செய்பவரின் சின்னச் சைகைக்குக் குதிரையை நிதானமாக அசையப் பழக்குகிற வித்தைதான் டிரெஸ்ஸாஜ். சிங்கப்பூரின் கிராஞ்சிப் பந்தய மைதானத்தில் இருந்த காலத்தில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன். தொப்பி வைத்துக்கொண்டு குதிரையை டான்ஸ் ஆட வைக்கிறார்கள் என்று நாம் இருவரும் சிரித்தது ஞாபகமிருக்கிறதா? கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஓடி முடிந்தது. சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தின் 182 வருடச் சங்கதி. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக் கறி சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எதனால் வந்தது என்று தெரியுமோ. சரி, அந்தக் கதை வேண்டாம், எழுத ஆரம்பித்தால் மனசு கெட்டுவிடும்.

நான் இப்போது ஒரு சவாரிப் பள்ளி லாயத்தில் இருக்கிறேன். சாயங்காலம் மைதானத்து மணலைச் சமப்படுத்துவது என் வேலை. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற சுல்தான் என்ற குதிரை வந்தது. நம் ஓடுபாதையில் இடப்பக்க வளைவுதானே, அதே பழக்கம். இடது வட்டம் அழகாகப் போகும். வலது வட்டம் போட்டால் கோழிமுட்டை மாதிரி நசுங்கிவிடும், தோளைச் சாய்த்து உள்ளே விழும். இதெல்லாம் எனக்கு மணலில்தான் தெரிந்தது. முதல் மாதம் பின்னங்கால் தடம் முன்னங்கால் தடத்துக்கு ஒரு சாண் தள்ளியே கிடந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண் 20 மீட்டர் வட்டத்தில் நான்கு கூம்பு வைத்து, வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை. வட்டத்தை அதிகமாகப் போட்டால் மூட்டு போய்விடும் என்பது அவர் கணக்கு. நடுநடுவே கழுத்தை நீட்டித் தளர விடுவார். ஐந்தாவது மாதம் ஒரு நாள் மணல் வாரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வலது வட்டத்திலும் பின்தடம் முன்தடத்தின் மேலேயே விழுந்திருந்தது. அன்றைக்கு அந்தத் தடத்தை மட்டும் கலைக்காமல் விட்டேன்.

பிறவியிலேயே குதிரைக்கு ஒரு பக்கம் வாகு, ஒரு பக்கம் விறைப்பு. நம்மைப் போலத்தான். குட்டையான ஓட்டத்தில் அது தெரியாது. 80, 160 கிலோமீட்டர் என்று போகும்போது விறைத்த பக்கம் கணக்கைக் கேட்கும். லைலா அரபி ஜாதி, தலையைத் தூக்கி முதுகைக் குழித்துக்கொண்டு ஓடுகிறவள். பின்னங்கால் உள்ளே வந்து எடையைத் தாங்கினால்தான் முதுகு மேலே எழும், முன்னங்காலுக்கு ஓய்வு கிடைக்கும். ஏற்கெனவே பாதிக்கு மேல் எடை முன்னங்கால்களில்தானே. அப்புறம், முப்பது குதிரை ஒன்றாகக் கிளம்பும்போது அவள் பிடியை மீறிப் பாய்கிறாள் என்றாயே, உட்கார்ந்த உட்காரலிலேயே ஒரு நொடி பிடித்து உடனே தளர்த்துகிற பாடம் வந்துவிட்டால் உன் பையனுக்குக் கைவலியும் இருக்காது, அவள் துடிப்பும் வீணாக ஏறாது.

எங்கள் பிளாக்கில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். குதிரையின் நேரோட்டத்துக்கு 'ஆதி', வட்ட ஓட்டத்துக்குச் 'சாரி' என்று பழைய தமிழில் சொல் உண்டாம். குதிரையே கதி என்று கிடந்த ஆசாமிகள் நாம், இது தெரியாமலேயே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

ஒன்று மட்டும் கவனி. கோச் கடிவாளத்தை இழுத்துக் கட்டித் தலையை நெஞ்சோடு வளைக்கச் சொன்னால், அன்றைக்கே வேறு ஆளைப் பார். அது வேடிக்கை காட்டுவதற்கு. எண்டூரன்ஸ் குதிரைக்கு மூச்சுவிடக் கழுத்து வேண்டும்.

பையன் முரண்டு பிடித்தால் எங்கள் சிங்கப்பூர்க் குதிரையேற்ற வீராங்கனை லாரன்ஷியா டானைப் பற்றிச் சொல். மூளை முடக்குவாதம், காதும் கேட்காது. 2008இல் ஹாங்காங்கில் நடந்த பாராலிம்பிக் குதிரையேற்றத்தில் டிரெஸ்ஸாஜில் இரண்டு வெண்கலம், சிங்கப்பூருக்கே முதல் பாராலிம்பிக் பதக்கம் அதுதான். காலில் பலம் இல்லாதவர் குதிரையோடு எப்படிப் பேசுகிறார் என்று உட்கார்ந்து பார்க்கச் சொல். அதே வருஷம்தான் உங்கள் மலேசியாவின் திரங்கானுவில் உலக எண்டூரன்ஸ் போட்டி நடந்தது, நீ லீவு போட்டுப் போய்ப் பார்த்தாயே.

இப்போதைக்கு இரண்டு வேலை செய். அடுத்த சவாரி முடிந்ததும் சேணத்துணியைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்து அனுப்பு. பையனை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஜோடியை மாற்றச் சொல், கைக்கடிகாரத்தில் மணியடிக்க வைத்துக்கொள்ளட்டும்.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய். வந்தால் கெரோப்போக் (மீன் அப்பளம்) நிறைய எடுத்து வா, போன தடவை கொண்டுவந்தது வீட்டுக்காரிக்கே பத்தவில்லை.

உன்
ராஜு