அம்மாவுக்கு: படிவத்தில் நான் எழுதிய பொய்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைத் தம்பி உனக்கு வாசித்துக் காட்டுவான். போனில் பேசினால் பாதியிலேயே "சாப்பிட்டியா, போர்வை போதுமா" என்று நீ பேச்சை மாற்றிவிடுவாய். நானும் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு. நான் மறைத்ததைப் பலர் முன்னால்தான் மறைத்தேன். சொல்வதும் பலர் முன்னால் இருக்கட்டும்.

நான் படிக்க வந்திருக்கிற நார்வேயின் ட்ரோம்சோவும் நம் பாம்பனைப்போலத் தீவுதான். எதிர்க்கரைக்குப் போகக் கடல்மேல் ஒரு பாலம் இருக்கிறது. 1960ல் திறந்தது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். வந்த முதல் வாரம் அதில் நடந்துபோய் நடுவில் நின்று பார்த்தேன். பாம்பன் பாலத்தில் நின்றால் காதை அடைக்குமே, அதே காற்று. கண்ணை மூடினால் கீழே தென்கடலும் வடகடலும் கலக்கிற இடம் என்றே சொல்லலாம். கண்ணைத் திறந்தால் சுற்றிலும் பனி மலை.

நவம்பர் கடைசியில் சூரியன் போனது. ஜனவரி பாதி தாண்டித்தான் திரும்பி வந்தது. நடுவில் மதியம் ஓரிரு மணி நேரம் வானம் நீலமாக வெளுக்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னபோது நீ கேட்ட முதல் கேள்வி, "வெயிலே இல்லன்னா அங்க கருவாடு எப்படிக் காயப்போடுவாங்க?" நான் சிரித்துவிட்டேன். அது எவ்வளவு சரியான கேள்வி என்று மார்ச் மாதம்தான் தெரிந்தது. அதற்கு வருகிறேன்.

இங்கே ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பஸ்ஸில் இருவர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அடுத்தவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வருவார். ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி நாள் குறிக்க வேண்டும். அடுத்த அறையில் இருக்கும் பையன் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறான், தளத்தில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்கிற மரியாதை அது. எனக்குப் பொறுக்கவில்லை, கஞ்சி வைத்து எடுத்துப் போனேன். கதவைத் திறந்தவன் கொஞ்ச நேரம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றான். நம் தெருவில் ஒருத்தி அடுப்புப் பற்ற வைக்கவில்லை என்றால் மதியத்துக்குள் நான்கு வீட்டிலிருந்து குழம்பு வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர்தான் சரி என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஆனால் இன்னொரு பழக்கம் என்னை உலுக்கிவிட்டது. சாப்பிட்டு எழும்போது சமைத்தவரைப் பார்த்து "தக் ஃபோர் மாத்தன்" என்று சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்று அர்த்தம். ஐந்து வயதுப் பிள்ளை தன் அம்மாவிடம் சொல்கிறது, கணவன் மனைவியிடம் சொல்கிறான், மனைவி சமைக்கிற கணவனிடம் சொல்கிறாள். முதலில் இது ஏதோ கடைக்காரரிடம் பேசுகிற மாதிரி இருந்தது. அப்புறம் யோசித்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து எங்களுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுத் தீவுக்குக் கடல்பாசி எடுக்கப் போகிற உனக்கு, என் இருபத்து மூன்று வயது வரைக்கும், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பாவும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். 'தாயின் தொழில்' என்று ஒரு கட்டம். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்து, 'இல்லத்தரசி' என்று எழுதினேன். முன்னால் நின்ற பெண் எழுதியிருந்ததைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். அன்று தொடங்கியது. யார் கேட்டாலும் "அம்மா வீட்லதான் இருக்காங்க." அப்பா? "போட் வச்சிருக்காங்க." அப்பாவுக்கு எந்தக் காலத்தில் சொந்தப் படகு இருந்தது?

நீ ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொரித்துக் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டை விடுதியில் திறந்த அன்றைக்கு அறைக்கு வந்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்தினார்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பாட்டிலோடு கொண்டுபோய் உணவுக்கூடத்துக்குப் பின்னால் குப்பையில் போட்டேன். உன்னிடம், "தீந்துருச்சும்மா, எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாங்க" என்றேன். அடுத்த மாதம் நீ இரண்டு பாட்டில் அனுப்பினாய்.

அப்புறம் நீ கல்லூரிக்கு வந்த அந்த நாள். பணம் கட்டக் கடைசித் தேதி என்று, பாசி எடுத்த கையோடு கரையிலிருந்து நேராகப் பஸ் ஏறி வந்திருந்தாய். புடவைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டை. முடியில் உப்பு. விரல் நுனிகளில் பாறை கிழித்த கோடுகள், தண்ணீரில் ஊறி வெளுத்துப்போய். நான் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வைத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்றேன். அன்றைக்கு மட்டும் உன்னை 'ங்க' போட்டுப் பேசினேன், யாரோ மாதிரி. நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் வந்தபோதெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும்.

இத்தனைக்கும் நான் ஏழாவது படிக்கும்போதே, 2015ல், நம் சின்னப்பாலத்து லட்சுமி அக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து சீகாலஜி விருது கிடைத்தது. கடலைக் காப்பாற்றுகிறவர்களுக்குக் கொடுக்கிற விருது, நம்மைப் போலப் பாசி எடுக்கிற பெண்ணுக்கு. பேப்பரில் படம் வந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் மறைத்தேன்.

இங்கே முதல் வாரம் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மீன்வளம் படிக்கிற வகுப்பு என்பதால் எந்தக் கடலிலிருந்து வருகிறாய் என்பதுதான் கேள்வி. ஒரு பெண் தன் அம்மா மீன் வெட்டும் ஆலையில் வேலை செய்கிறார் என்றாள். ஊரின் பெயரைச் சொல்கிற அதே குரலில் சொன்னாள், இறக்கிச் சொல்லவும் இல்லை, ஏற்றிச் சொல்லவும் இல்லை. அடுத்தது நான். வாயில் 'இல்லத்தரசி' வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "என் அம்மா மூழ்கிப் பாசி எடுப்பவர்" என்றேன்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு ஆழம், காற்றுக் குழாய் இல்லாமலா, ஒரு மூச்சில் எவ்வளவு நேரம், எந்தப் பாசி எந்தக் காற்றில், பிடுங்குவார்களா வெட்டுவார்களா என்று கேள்விமேல் கேள்வி. பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது வருடம் உன் பக்கத்தில் இருந்தும் நான் கேட்டதே இல்லை. அன்று ராத்திரி உனக்குப் போன் போட்டு அரை மணி நேரம் துளைத்தெடுத்தேனே, அது இதற்குத்தான். "இதெல்லாமா பாடம்?" என்றாய். ஆமாம் அம்மா, பாடம்தான். மரிக்கொழுந்துப் பாசியை வேரோடு பிடுங்கக் கூடாது, கிள்ளித்தான் எடுக்கணும், அடியை விட்டால் திரும்பத் தளிர்க்கும் என்று நீ சொன்னதைத்தான் இங்கே பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று நீங்களே பேசி முடிவு செய்த கட்டுப்பாட்டைச் சொன்னபோது ஆசிரியர் எழுந்துவந்து பலகையில் '12' என்று எழுதி வட்டம் போட்டார். மன்னார் வளைகுடாவைத் தேசியப் பூங்கா என்று 1986ல் அறிவித்துத் தீவுகளில் கால் வைக்கக் கூடாது என்று ஆனதையும் சொன்னேன். "இந்தப் பெண்களிடம் யாராவது கலந்து பேசினார்களா?" என்று கேட்டார். பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாறையை விரலால் தடவித் தெரிந்தவர்கள் நீங்கள். உங்களை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது உன் கருவாட்டுக் கேள்விக்கு வருகிறேன். மார்ச் மாதம் எங்களை லொஃபோட்டன் தீவுகளுக்குக் கூட்டிப் போனார்கள். கரை முழுக்க ஆள் உயரத்துக்கு மேலே மரப் பரண், அதில் ஆயிரக்கணக்கில் மீன் தொங்குகிறது. காட் என்கிற மீன், நம் கொடுவாய் அளவுக்கு இருக்கும். தலையை வெட்டி, குடலை எடுத்துவிட்டு, இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். உப்பு ஒரு கல்கூடக் கிடையாது. பிப்ரவரியில் போட ஆரம்பித்தால் மே மாதம் வரை தொங்கும். வெயிலுக்கு வேலையே இல்லை, காற்றுதான் காயவைக்கிறது. குளிர் உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மீன் கெட்டுப்போவதில்லை, ஈயும் வருவதில்லை. காய்ந்தால் விறகு மாதிரி ஆகிவிடும். நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது, வெட்டிய தலைகளையும் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். தரம் பிரிக்க ஒருவர் இருக்கிறார், ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பார்த்து, தடவி, முகர்ந்து ரகம் சொல்கிறார். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆளாம், ஊரில் அவருக்குத் தனி மதிப்பு. நீ நெத்திலியை ஒரு கை அள்ளி உதறி, சத்தத்தை வைத்தே "இன்னும் காய்ச்சல் பத்தாது" என்று சொல்வாயே, அதே வித்தைதான்.

அங்கே மீன் இறக்குகிற கொட்டகையில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நின்றிருந்தான். கூரான கம்பியில் மீன் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே வீச்சில் நாக்கை அறுத்து வாளியில் போடுகிறான். காட் மீன் நாக்கு இங்கே விரும்பிச் சாப்பிடுகிற பண்டம். அதை அறுத்து விற்பது காலங்காலமாகப் பிள்ளைகளுக்கு விட்ட வேலை, காசும் அவர்களுக்கே. முழங்கை வரை ரத்தமும் செதிலும். அவன் அம்மா பள்ளி ஆசிரியை, பக்கத்தில் நின்று எங்களுக்கு அவனைக் காட்டிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். உடன் வந்த ஒரு பெண் நாற்றம் தாங்காமல் முகத்தைத் திருப்பினாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இது பணத்தின் வாசனை" என்றார். இங்கே எல்லோரும் சொல்கிற சொல் அது. நான் கொட்டகைக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். விடுதிக் குப்பையில் போட்ட பாட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

இவர்களுக்கு இந்தப் பெருமை சும்மா வந்துவிடவில்லை, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் லொஃபோட்டனிலும் கரையும் குடிசையும் முதலாளிக்குச் சொந்தம். அவரிடம் கடன், அதனால் அவரிடமே மீன், அவர் சொன்னதே விலை. நம் கரையில் யாவாரி முன்பணம் கொடுத்துவிட்டு, காய்ந்த பாசியைத் தராசில் போட்டு, "ஈரம் இருக்கு" என்று ஒரு கிலோ கழிப்பாரே, அதே கதை. 1938ல் மீனவர்களே நடத்துகிற விற்பனைச் சங்கம் ஒன்று உருவானது. நோர்கெஸ் ரோஃபிஸ்க்லாக் என்று பெயர், தலைமை அலுவலகம் இதே ட்ரோம்சோவில் இருக்கிறது. இந்தக் கரையில் படகிலிருந்து இறங்குகிற காட் போன்ற மீனின் முதல் விற்பனை இந்தச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். குறைந்தபட்ச விலையையும் சங்கம் வைக்கிறது, அதற்குக் கீழே யாரும் வாங்க முடியாது. அந்த அலுவலகத்தின் முன்னால் நின்று, நீயும் பாசிக்குப் போகிற அக்காமார்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மரிக்கொழுந்துக்கு விலை சொல்வதை நினைத்துப் பார்த்தேன். மதுரையில் அதை அகர் என்கிற கூழ்ப்பொருள் ஆக்கி என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று நீ ஒருநாள் கேட்டாயே. அந்தக் கணக்கைத்தான் என் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

அதற்கு உன் உதவி வேண்டும். தம்பி போனில் பதிவு செய்து அனுப்பட்டும். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஒவ்வொன்றும் எந்தத் தீவில், எந்த மாதம், எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும் என்று உன் வாயால் சொல். முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத பாசிகளின் பெயரையும் விடாமல் சொல். ஆய்வில் யார் சொன்ன தகவல் என்று போட ஒரு இடம் உண்டு. அங்கே உன் பெயரும், பக்கத்தில் 'பாசி எடுப்பவர், பாம்பன்' என்றும் இருக்கும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது என்னைக் கூப்பிட பஸ் ஸ்டாப்புக்கு வருவாய் என்று தெரியும். அன்றைக்குப் பாசிக்குப் போகிற நாளாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்ற வேண்டாம். அப்பாவின் சட்டையோடு, நனைந்த தலையோடு கரையிலிருந்து நேராக வா. கொஞ்சம் நெத்திலி காயப்போட்டு வை.

இப்படிக்கு,
உன் மகள்