நான்கு விழுக்காட்டை நழுவவிடும் உட்பிரிவு: ஒன்றிய அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் சிறு தொழிற்கூடங்களுக்கு டெண்டர் ஆவணங்களைத் தயாரித்துக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் தொழில். தங்கள் துறையின் கொள்முதல் கொள்கை ஆணையிலுள்ள ஓர் உட்பிரிவைத் திருத்தக் கோரி இதை எழுதுகிறேன்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களின் மேம்பாட்டுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2012 மார்ச்சில் வெளியான அந்த ஆணை, ஒன்றிய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 20 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. அதற்குள் 4 விழுக்காடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு. 2018 இல் மொத்த இலக்கு 25 ஆக உயர்ந்தது, பெண் தொழில்முனைவோருக்கு 3 விழுக்காடு புதிதாகச் சேர்ந்தது, இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் அந்த 4 மட்டும் 4 ஆகவே நின்றுவிட்டதால், முன்பு ஐந்தில் ஒன்றாக இருந்த பங்கு இப்போது ஆறில் ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. அந்த 4 விழுக்காட்டையும் ஒன்றிய அரசின் மொத்தக் கொள்முதல் நெடுங்காலம் நெருங்கவே இல்லை.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்கள் டெண்டரில் பங்கேற்காவிட்டாலோ, தகுதி நிபந்தனைகளையும் எல்1 விலையையும் (டெண்டரில் வந்த மிகக் குறைந்த விலை) எட்டாவிட்டாலோ, அவர்களுக்குரிய 4 விழுக்காட்டைப் பிற குறு, சிறு நிறுவனங்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது நான் குறிப்பிடும் உட்பிரிவு. கொள்முதல் அதிகாரியின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். புதிய சப்ளையரைத் தேடிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. தேடாமல் விட்டாலும் 25 விழுக்காட்டுக் கணக்கு நேராகிவிடுகிறது. பங்கேற்க இயலாதபடி நிபந்தனை விதித்தவரே, பங்கேற்கவில்லை என்று கோப்பில் எழுதி மூடிவிடலாம்.

விலைச் சலுகை என்று பலரும் எண்ணுவதும் சலுகையன்று. எல்1 விலையைவிட 15 விழுக்காடு வரை கூடுதலாகக் கேட்ட சிறு நிறுவனத்துக்கு, அதே எல்1 விலைக்கு இறங்கி வந்தால்தான் ஆர்டரில் ஒரு பகுதி கிடைக்கும். கச்சாப் பொருளைச் சில்லறை விலைக்கு வாங்கி, வங்கியில் போதிய நடைமுறை மூலதனக் கடனும் பெற முடியாத முதல் தலைமுறை உரிமையாளர், பெரிய கையிருப்பு உள்ளவரின் விலைக்கு எப்படி இறங்குவார்?

எனக்குத் தெரிந்த ஒரு ஃபேப்ரிகேஷன் கூடம் இதற்குச் சான்று. வெல்டிங் தரத்தில் குறை சொல்ல முடியாத அந்தக் கூடத்தின் விண்ணப்பத்தை, மூன்றாண்டு விற்றுமுதல் போதவில்லை என்று ஒரு பொதுத்துறை நிறுவனம் தள்ளிவிட்டது. தரமும் தொழில்நுட்பத் தகுதியும் இருந்தால் விற்றுமுதல், முன் அனுபவ நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்று தங்கள் துறையே 2016 இல் சுற்றறிக்கை விட்டிருந்தது. சுற்றறிக்கையின் நகலை இணைத்துத்தான் விண்ணப்பித்தோம். தளர்த்தலாம் என்றிருக்கிறதே தவிர, தளர்த்த வேண்டும் என்றில்லையே என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த விளக்கம். இலக்கணப்படி அது சரிதான்.

கட்டுமானப் பணிகளில் கர்நாடகம் வேறு வழியில் சென்றது. 50 லட்சம் ரூபாய் வரையிலான அரசுப் பணிகளில் 17.15 விழுக்காட்டைப் பட்டியலினத்தவருக்கும் 6.95 விழுக்காட்டைப் பழங்குடியினருக்கும் சட்டத் திருத்தத்தின் வழியே ஒதுக்கியது. பின்னர் அந்த வரம்பு ஒரு கோடியாக உயர்த்தப்பட்டது. அங்கே ஒதுக்கப்பட்ட பணிக்கு அப்பிரிவினர் தமக்குள் மட்டுமே போட்டியிடுகிறார்கள். தங்கள் ஆணையோ பணி ஒப்பந்தங்களைத் தன் எல்லைக்குள் கொள்வதே இல்லை.

ஆர்டர் கிடைத்தவர்களின் பாடு தனி. 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று சட்டம் சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்டு, இத்தகைய நிலுவை வழக்குகளுக்கான மன்றத்துக்குப் போனால், அடுத்த ஆர்டருக்கு அதே நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டுமே என்ற அச்சத்தில் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை.

ஆகவே, பிறரைக் கொண்டு நிரப்பும் உட்பிரிவை நீக்கி, ஓராண்டின் குறைவை அடுத்த ஆண்டின் இலக்கோடு சேர்க்குமாறு ஆணையைத் திருத்துங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆண்டுக் கொள்முதல் திட்டத்தில் இப்பிரிவினர் மட்டுமே பங்கேற்கும் டெண்டர்களைப் பொருள்வாரியாக முன்கூட்டியே அறிவிக்கட்டும். 2016 சுற்றறிக்கையிலுள்ள ‘தளர்த்தலாம்’ என்பதைத் ‘தளர்த்த வேண்டும்’ என்று மாற்றி, தளர்த்த மறுக்கும் அதிகாரி அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும் வகை செய்யுங்கள்.

இப்படிக்கு,
டெண்டர் ஆவணம் எழுதும் ஒருவர்