சாய்வு நாற்காலியில் ஒரு துண்டு

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. கை இன்னும் நடுங்குவதால் நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள். என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்லவில்லை.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், ராத்திரியெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாடகக் குழு நண்பர்கள், சங்கத்திலிருந்து வந்து ஃபாரங்களை நிரப்பித் தந்தவர்கள், வார்டு சிஸ்டர்கள், என் மனைவியை அடுப்பு பற்றவைக்கவே விடாத பக்கத்து வீட்டுக்காரர்கள், யாரையும் மறக்கவில்லை. கொஞ்சம் நடமாட்டம் வந்ததும் நேரில் வருகிறேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என்னைப் போன்ற குணச்சித்திர நடிகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. கால்ஷீட் கொடுத்த, அதாவது நடிக்க ஒப்புக்கொடுத்த நாளுக்குத்தான் காசு. சீரியலில் சில நாள் போகாவிட்டால் 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி வந்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது, தினமும் எபிசோடு போயாக வேண்டும். நானே ஒருமுறை அப்படி இன்னொருவர் இடத்தில் போய் நின்றிருக்கிறேன். படுக்கையில் கிடந்தபோது வலியைவிட அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு மத்தியானம் எங்கள் சீரியலின் உதவி இயக்குநர் தம்பி வந்தான். கையில் வசனத் தாள். "அப்பா, நாலு வரி இருக்கு. பேச முடியுமா?" என்றான். கதையில் நான் காசிக்குப் போயிருக்கிறேனாம், அங்கிருந்து மருமகளுக்குப் போன் செய்கிறேனாம். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, செல்போனைத் தலையணைமேல் வைத்துப் பதிவு செய்தான். நாலு வரிக்கு ஏழு டேக். எனக்கு மூச்சு வாங்கியது. "யாத்திரையில நடந்த களைப்புப்பா, சரியாத்தான் இருக்கு" என்றான். போகும்போது ஒரு கவர் கொடுத்தான். ஒரு நாள் சம்பளம், பேட்டாவும் சேர்த்து. இப்படி மூன்று தடவை வந்தான்.

அப்புறம் அந்த எபிசோடுகளைப் பார்த்தேன். சீரியல் வீட்டுக் கூடத்தில் என் சாய்வு நாற்காலி, அதன்மேல் என் பச்சைத் துண்டு. ஒரு காட்சியில்கூட யாரும் அதில் உட்காரவில்லை.

டில்லி கணேஷ் சாரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பத்து வருடம் விமானப்படையில் இருந்துவிட்டு, காத்தாடி ராமமூர்த்தி குழுவில் நாடகம் நடித்து, 1977இல் 'பட்டினப் பிரவேசம்' மூலம் சினிமாவுக்கு வந்தவர். 1979இல் 'பசி' படத்தில் அவரை ரிக்‌ஷாக்காரராகப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த ஆசையே வந்தது. 2024 நவம்பரில் மறையும்வரை நானூறு படங்களுக்கு மேல். எத்தனை அப்பா, எத்தனை மாமா, எத்தனை சமையல்காரர்! அவர் பெயராவது ஊருக்கே தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு முகம்தான் விலாசம். அந்த முகம் காணாமல் போனால் யாராவது தேடுவார்களா என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

டிஸ்சார்ஜ் அன்று லிஃப்டில் ஒரு அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "காசியிலேருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். அழுதுவிட்டேன்.

இனி எந்தக் கலைஞர் படுத்திருந்தாலும் பழம் மட்டும் வாங்கிக்கொண்டு போக மாட்டேன். அவரால் செய்ய முடிகிற ஒரு சின்ன வேலையையாவது கொண்டுபோவேன்.

தம்பி, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன். வசனத்தை முந்தின நாளே அனுப்பிவிடு. அந்தத் துண்டைத் துவைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.