வச்சிரம் காய்ச்சியவர்களுக்கு நன்றி

ஃபோர்ட் சிம்ப்சன் தச்சர் வால்ட்டர் ஜான்சன் அவர்களுக்கும் மெக்கானிக் பில் ஹில் அவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் மறைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் மரம் ஒட்டும் வச்சிரப் பசையின் நாற்றத்தில் வளர்ந்த தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

1920இல் கனடாவின் வடக்கே, மெக்கன்சி ஆற்றங்கரையில் எண்ணெய் கிடைத்தது. அங்கே போய்வர இம்பீரியல் ஆயில் நிறுவனம் இரண்டு யங்கர்ஸ் விமானங்களை வாங்கியது. உடம்பெல்லாம் உலோகம், முன்னால் சுழலும் புரொப்பெல்லர் மட்டும் மரம். 1921 மார்ச்சில் ஃபோர்ட் சிம்ப்சனில் இறங்கிய ‘ரெனே’ என்ற விமானம் பனியில் மோதி, சக்கரத்துக்குப் பதிலாக மாட்டியிருந்த சறுக்குக் கட்டையையும் புரொப்பெல்லரையும் முறித்துக்கொண்டது. இன்னொரு விமானமான ‘விக்’கினுடையதைக் கழற்றி ரெனேவில் மாட்டிக் கிளப்பினார்கள். அதுவும் முறிந்தது! நான் அங்கே இருந்திருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். ஆற்றுப் பனி உருகிவிட்டால் சறுக்குக் கட்டையோடு எழும்ப வழியில்லை.

புதுப் புரொப்பெல்லர் செய்ய நீங்கள் இருவரும் ஹட்சன் பே என்ற வணிகக் கம்பெனியின் சறுக்கு வண்டிகளுக்கான ஓக் பலகைகளைக் கேட்டு வாங்கினீர்கள். கத்தோலிக்க மிஷன் தன் பட்டறையைத் திறந்துவிட்டது. மூஸ் மானின் தோலைக் காய்ச்சி வச்சிரம் எடுத்தீர்கள்.

வச்சிரத்தோடு பழகியவர்களுக்குத் தெரியும், அது ஆறினால் பிடிக்காது. பலகையும் சில்லிட்டிருக்கக் கூடாது. சூட்டோடு தடவி, சூட்டோடு அடுக்கி, இறுக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மார்கழிக் காலையிலேயே அப்பா பலகையை அடுப்போரம் சாய்த்துவைப்பார். மெக்கன்சிக் குளிரில் எப்படித்தான் சமாளித்தீர்களோ! ஒட்டிய பிறகல்லவா பெரிய வேலை: புரொப்பெல்லரின் இரண்டு இறக்கையும் ஒரே எடை, ஒரே வளைவு. மயிரிழை பிசகினாலும் எஞ்சின் ஆட்டம் கண்டுவிடும்.

பிசகவில்லை. ஏப்ரலில், பனி உடையும் நேரத்தில், விமானி எல்மர் ஃபுல்லர்ட்டன் அந்தப் புரொப்பெல்லரோடு விக்கை எழுப்பிப் பீஸ் ரிவர் ஊருக்குப் பறந்தார். விமானிகளின் துணிச்சலைப் பலரும் எழுதிவிட்டார்கள். என் கும்பிடு இழைப்புளி பிடித்த கைகளுக்கு.

பலகை தந்த கிடங்குக்காரருக்கும், பட்டறை தந்த பாதிரியார்களுக்கும் நன்றி. அந்த மானை வேட்டையாடித் தோலை உரித்துக் கொடுத்தவர் யாரோ, அவருக்கும்தான். வச்சிரப் பானைக்கு இரவில் விறகு தள்ள ஒருவர் விழித்திருந்திருப்பார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் வீட்டில் அது என் வேலை.

இப்படிக்கு,
ஒரு தச்சரின் மகன்